முதலில் கூலியைக் கொடு, அப்புறம் பலி: பழைய யூத ஞான நூல்களில் மனந்திரும்புதல்

பழைய யூதர்களிடம் பாவமன்னிப்பு என்பது ஆடு மாடு பலியிட்டு முடிக்கிற சடங்காக இருந்ததா, நீதிமொழிகள், பிரசங்கி, யோபு, சீராக் போன்ற ஞான நூல்கள்தான் அதை உள்ளத்தின் காரியமாக மாற்றினவா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மில் பலரும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ஒரு பக்கம் ஆசாரியர், பலிபீடம், இரத்தம். மறுபக்கம் ஞானி, நெஞ்சு, கண்ணீர். ஆனால் நூல்களைத் திறந்து உட்கார்ந்தால் இந்தப் பிரிவினை ரொம்ப நேரம் தாக்குப்பிடிப்பதில்லை. ஆலயத்தை மிக அதிகமாக நேசித்தவர்களே பலியைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதும் பெரும்பாலும் ஒரே கேள்வி: நீ யாருக்குத் தீங்கு செய்தாயோ, அந்த ஆளிடம் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறாயா?

இதற்குப் பென் சீராவைவிட நல்ல சாட்சி கிடையாது. கி.மு. 180 வாக்கில் எருசலேமில் எபிரேயத்தில் எழுதியவர். கி.மு. 132-இல் எகிப்துக்கு வந்த அவருடைய பேரன் அந்த நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். நாம் ‘சீராக்கின் ஞானம்’ என்று வாசிப்பது அந்த வழியாக வந்ததுதான். எபிரேய மூலம் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமலே இருந்தது. 1896-இல், கெய்ரோவிலிருந்து வந்த ஓர் ஏட்டில் அதை சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜில் அடையாளம் கண்டார். 1964-இல் மசாதா கோட்டை அகழாய்வில் இன்னும் பழைய சுருள் ஒன்று கிடைத்தது.

பென் சீரா பாடம் நடத்திய ஆசிரியர். அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்பது அவர் தருகிற புத்திமதிகளைப் பார்த்தாலே தெரியும். பெரிய மனிதர் விருந்தில் எப்படி நடந்துகொள்வது, கடனுக்கு ஜாமீன் நிற்கலாமா, வேலையாட்களை எப்படி நடத்துவது என்றெல்லாம் சொல்கிறார். நாளைக்குக் கூலி கொடுக்கிற இடத்தில், கடன் கொடுக்கிற இடத்தில் உட்காரப் போகிறவர்களிடம் அவர் பேசுகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆலயத்தின்மேல் அவருக்கு இருந்த பிரியம் 50-ஆம் அதிகாரத்தில் கொட்டிக் கிடக்கிறது. பிரதான ஆசாரியரான சீமோன் திரைக்குப் பின்னிருந்து வெளியே வருகிறார். மேகங்களுக்கு நடுவே விடிவெள்ளி போல, முழு நிலவு போல, வசந்தத்தில் பூத்த ரோஜா போல என்று உவமைகளை அடுக்கிக்கொண்டே போகிறார் பென் சீரா. ஆரோனின் வழியில் வந்த ஆசாரியர்கள் பலிக்குரிய துண்டுகளைக் கைக்குக் கை கொடுக்கிறார்கள். திராட்சரசம் பலிபீடத்தின் அடியில் ஊற்றப்படுகிறது, வெள்ளி எக்காளங்கள் முழங்குகின்றன, ஜனங்கள் முகங்குப்புற விழுகிறார்கள். இது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாள் ஆராதனை என்று பலர் சொல்வார்கள். ஆட்டின்மேல் பாவ அறிக்கை செய்வதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததாலும், திராட்சரசமும் எக்காளமும் தினசரி பலிக்கு நன்றாகப் பொருந்துவதாலும், இது அன்றாட ஆராதனையின் காட்சி என்றே எனக்குப் படுகிறது. எப்படியானாலும் சரி, இதை எழுதியவர் ஆலய முற்றத்தில் நின்று கண் நிறையப் பார்த்தவர். 24-ஆம் அதிகாரத்தில் அவர் ஞானத்தையே பரிசுத்த கூடாரத்தில் ஊழியம் செய்பவளாகக் காட்டுகிறார். யாத்திராகமத்தில் அந்தக் கூடாரத்துக்கென்று சொல்லப்பட்ட தூபவர்க்கத்தின் வாசனை அவள்மேல் வீசுகிறது.

இதே மனிதர்தான் 34-ஆம் அதிகாரத்தில், ஏழையின் சொத்திலிருந்து எடுத்துப் பலி கொடுப்பவன், தகப்பன் கண்ணெதிரே மகனைக் கொல்பவனுக்குச் சமம் என்கிறார். இதில் ஏழை மகனின் இடத்தில் இருக்கிறான். தகப்பனின் இடத்தில், பலியை வாங்கிக்கொள்ள வேண்டிய கடவுளே இருக்கிறார். நீ கொண்டுவந்து நீட்டுவது அவருடைய பிள்ளையின் பிணம். இதைவிடக் கடுமையாக ஒரு தீர்க்கதரிசிகூட சொல்லியிருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான். உடனே அடுத்து வருவது கூலி: அயலானின் பிழைப்பைப் பறிப்பவன் அவனைக் கொல்கிறான், கூலியாளின் கூலியைப் பிடித்துக்கொள்பவன் இரத்தம் சிந்துகிறான். அதற்கப்புறம் நோன்பு. பிணத்தைத் தொட்டதற்காகக் குளித்தவன் திரும்பப் போய் அதையே தொட்டால் குளித்ததில் என்ன பலன்? பாவத்துக்காக நோன்பிருந்துவிட்டு மறுபடி அதையே செய்பவனின் ஜெபத்தை யார் கேட்பார்?

அடுத்த அதிகாரம் கட்டளைகளைக் கைக்கொள்வதையே பல பலிகளுக்கு ஈடாக வைக்கிறது. அநியாயத்தை விட்டு விலகுவதே பாவநிவாரணம் என்கிறது. சரி, இனி பலி வேண்டாம் போலிருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில், ஆண்டவர் முன் வெறுங்கையோடு போய் நிற்காதே என்று வருகிறது. கொஞ்சம் தள்ளி, அவருக்கு லஞ்சம் கொடுக்கப் பார்க்காதே, வாங்க மாட்டார் என்று வருகிறது. அப்புறம் விதவையின் கண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்து, அதற்குக் காரணமானவனுக்கு எதிராகக் கூக்குரலிடுகிறது. இவற்றை முரண்பாடு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பலி கொண்டுவா, ஆனால் உன்னுடையதைக் கொண்டுவா என்பதுதான் அவர் சொல்வது.

இந்த ஒழுங்கை பென் சீரா புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. அது ஆசாரியர்களின் சட்டத்திலேயே இருக்கிறது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத் தொடக்கத்தைப் பாருங்கள். ஒருவன் பிறர் தன்னிடம் ஒப்படைத்த பொருளை இல்லையென்கிறான், அல்லது கண்டெடுத்ததை மறைக்கிறான், பொய்ச்சத்தியமும் செய்கிறான். அவன் முதலில் முழுப் பொருளையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும். அதன்பின்தான் குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இதோடு வாயால் அறிக்கை செய்வதையும் சேர்க்கிறது.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. லேவியராகமம் 4-இல் வரும் பாவநிவாரண பலி தெரியாமல் செய்த பிழைக்குத்தான். கை ஓங்கித் துணிந்து செய்கிற பாவத்துக்கு எண்ணாகமம் 15 பலியே தரவில்லை. அப்படியானால் வேண்டுமென்றே ஏமாற்றிப் பொய்ச்சத்தியமும் செய்தவனுக்கு எப்படி வழி பிறந்தது? லேவியராகமத்துக்கு மூன்று பெரிய தொகுதிகளில் உரை எழுதிய ஜேக்கப் மில்குரோம் இதற்குச் சொன்ன விளக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பது, துணிந்து செய்த பாவத்தைப் பலி தொடக்கூடிய நிலைக்கு இறக்கிக் கொண்டுவருகிறது. அதாவது மனந்திரும்புதல் சடங்குக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்டதல்ல. அது இல்லாவிட்டால் அந்தச் சட்டமே ஓடாது.

சட்டம் இப்படி இருந்தால் அதில் தப்பிக்க ஓட்டை தேடுகிறவர்களும் இருப்பார்கள். பிரசங்கி 5-ஆம் அதிகாரத்தில் அப்படி ஒரு ஆள் வருகிறான். ஆலயத்தில் நேர்ச்சை செய்துவிட்டான், செலுத்தவில்லை. கேட்க ஆள் வந்ததும், அது தெரியாமல் நடந்த பிழை என்கிறான். லேவியராகமம் 4-இல் வருகிற அதே வழக்குச் சொல்லை எடுத்துவிடுகிறான், மலிவான வரிசையில் போய் நின்றுகொள்ளலாம் என்று. அப்படிச் சொல்லி ஏன் கடவுளின் கோபத்தைத் தேடிக்கொள்கிறாய் என்று கேட்கிறார் பிரசங்கி. பலிச் சட்டத்தின் நுணுக்கம் தெரிந்த ஒருவர்தான் இந்தத் தந்திரத்தைப் பிடிக்க முடியும்.

நீதிமொழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறைக்கிறவன் வாழ்வடைய மாட்டான், அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவன் இரக்கம் பெறுவான் என்பது 28:13. கிருபையினாலும் சத்தியத்தினாலும் பாவம் நிவர்த்தியாகும் என்பது 16:6. துன்மார்க்கன் கொண்டுவரும் பலி அருவருப்பு என்பது 21:27. அறிக்கை செய்வதோடு விட்டுவிடுவதையும் சேர்த்துச் சொல்வதுதான் ஞானிகளின் முத்திரை.

ஒரு குற்றமும் செய்யாமல் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதைதான் எனக்கு எப்போதும் நெஞ்சில் தைக்கிறது. இந்த நூலில் மனந்திரும்பு, மனந்திரும்பு என்று திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் யோபுவின் நண்பர்கள். 22-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் பேசுவதைத் தனியாக எடுத்து வாசித்தால் அருமையான பிரசங்கம்: சர்வவல்லவரிடம் திரும்பினால் நீ திரும்பக் கட்டப்படுவாய். ஆனால் அதற்குச் சில வசனங்கள் முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நீ காரணமில்லாமல் சகோதரரிடம் அடகு வாங்கினாய், விதவைகளை வெறுங்கையோடு அனுப்பினாய் என்று யோபுவின்மேல் பாவங்களைக் கற்பித்துக்கொண்டே போகிறார். இவ்வளவு துன்பம் வந்திருக்கிறதே, பாவம் செய்யாமலா வந்திருக்கும் என்ற கணக்கு. அதனால் இல்லாத பாவத்தை உண்டாக்கியாவது மனந்திரும்பச் சொல்ல வேண்டியதாகிறது. யோபு 31-ஆம் அதிகாரத்தில் ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்து மறுக்கிறார்: வேலைக்காரன் வழக்கைத் தள்ளவில்லை, விதவையின் கண்களை வாடவிடவில்லை, திக்கற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் தனியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் கடவுள் எலிப்பாஸைப் பார்த்துச் சொல்கிறார்: நீங்கள் என்னைப்பற்றி யோபு பேசியதுபோலச் சரியாகப் பேசவில்லை. ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் எடுத்துக்கொண்டு யோபுவிடம் போங்கள், தகனபலி செலுத்துங்கள், யோபு உங்களுக்காக ஜெபிப்பான். போய் நிற்க வேண்டிய இடம் தாங்கள் புண்படுத்திய மனிதனின் வாசல். பலி இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. ஆனால் அது பலிப்பது, நோகடிக்கப்பட்டவன் இவர்களுக்காக வாய் திறக்கும்போது. யோபுவின் துன்பநிலை மாறியதும் அவன் நண்பர்களுக்காக ஜெபித்தபோதுதான். பிறரை மனந்திரும்பச் சொல்கிற வேலையில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்த நூலை முழுக்க வாசிக்க வேண்டும் என்பேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அப்படி ஒரு வழக்கமே இருந்திருக்கிறது. மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. அதில் யோமா என்ற பகுதி பாவநிவாரண நாளில் ஆலயத்தில் நடந்தவற்றை விவரிக்கிறது. ஆலயம் இடிந்து நூறு வருஷத்துக்கு மேலான பின் தொகுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு நாள் முன்பே பிரதான ஆசாரியரை வீட்டிலிருந்து பிரித்து ஆலய அறையில் தங்கவைப்பார்கள். மூப்பர்கள் அந்த நாளின் ஒழுங்கை அவருக்கு வாசித்துக் காட்டி, ஐயா, உங்கள் வாயாலும் வாசியுங்கள், ஒருவேளை மறந்திருக்கலாம், அல்லது படிக்காமலே இருந்திருக்கலாம் என்பார்கள். கடைசி நாள் மாலை வயிறு நிறையச் சாப்பிட விடமாட்டார்கள், தூக்கம் வந்துவிடும். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். தெரிந்தவரானால் அவரே வேதம் விளக்குவார். இல்லையென்றால் மற்றவர்கள் அவருக்கு வாசிப்பார்கள். எதை வாசிப்பார்கள்? யோபு, எஸ்றா, நாளாகமம் என்கிறது மிஷ்னா. தானியேலிலிருந்தும் பலமுறை வாசித்ததாக ஒருவர் சாட்சி சொல்கிறார். பிரதான ஆசாரியர் கண் அசந்தால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி, ஐயா, எழுந்து தரையில் நின்று இந்த ஒரு தடவை தூக்கத்தை விரட்டுங்கள் என்பார்கள்.

விடிந்ததும் அவர் வெள்ளை லினன் ஆடை உடுத்தி, காளையின்மேல் கைவைத்து முதலில் தன் பாவத்தையும் தன் வீட்டாரின் பாவத்தையும் சொல்ல வேண்டும். ஜனங்களின் பாவம் அப்புறம்தான். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுவது, ஒன்றின் இரத்தத்தோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவது, மற்றதான போக்காட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்து இஸ்ரவேலின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புவது எல்லாம் லேவியராகமம் 16-இல் விரிவாக இருக்கிறது. நான் இங்கே கவனிக்கச் சொல்வது அந்த இரவைத்தான். மொத்த தேசத்தின் பாவத்தையும் சுமந்து உள்ளே போகப்போகிறவரின் காதில், பாவத்தையும் தண்டனையையும் பற்றிய எளிய கணக்குகளை உடைத்துப்போடுகிற ஒரு ஞான நூல் விழுந்துகொண்டிருக்கிறது.

ஆராதனைப் பாடல்களிலும் இதே கலப்புதான். 32-ஆம் சங்கீதம் பாவ அறிக்கைப் பாடல். நான் அடக்கிவைத்தவரையில் எலும்புகள் உலர்ந்துபோயின, சொன்னேன், நீர் மன்னித்தீர் என்கிறது. பாதியில் திடீரென்று வாத்தியார் குரல் வருகிறது: கடிவாளம் போட்டால்தான் வழிக்கு வரும் குதிரையையும் கோவேறு கழுதையையும் போல இருக்காதே. 51-ஆம் சங்கீதம், பலியை நீர் விரும்புகிறதில்லை, நொறுங்குண்ட ஆவியே உமக்கேற்ற பலி என்று உருகுகிறது. பலரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கடைசி இரண்டு வசனங்கள் எருசலேமின் மதில்களைக் கட்டும், அப்போது பலிபீடத்தில் காளைகளைப் படைப்பார்கள், அவற்றில் நீர் பிரியப்படுவீர் என்கின்றன. அவை பிற்காலத்தில் சேர்ந்தவையாக இருக்கலாம். இருந்தாலும் சேர்த்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பாடினார்கள்.

சாக்கடல் கரையோரம் வாழ்ந்த கும்ரான் சமூகத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. எருசலேம் ஆலய நிர்வாகத்தோடு முறித்துக்கொண்ட அவர்கள், சரியான ஜெபத்தையும் குற்றமற்ற நடத்தையையும் பலிக்கு ஈடாக எண்ணினார்கள். திருந்தாதவனைக் கடல் நீரும் ஆற்று நீரும் சுத்தமாக்காது என்று அவர்களுடைய சமூக ஒழுங்கு நூல் சொல்கிறது. பிரிந்துபோனவர்களும் பென் சீராவின் பக்கத்துத் தெருவில்தான் வந்து நிற்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் யூதத் தத்துவ ஆசிரியரான ஃபிலோவும் லேவியராகமத்தின் அந்தச் சட்டத்தை விளக்கும்போது, தீங்குபட்டவரைச் சமாதானப்படுத்திவிட்டு அப்புறம் ஆலயத்துக்குப் போ என்கிறார். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது நமக்கெல்லாம் மனப்பாடம். அவரும் இந்த ஊற்றிலிருந்து குடித்தவரே.

கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். ரபிகள் எனப்படும் யூத வேத ஆசிரியர்களின் பிற்கால நூலொன்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. இடிபாட்டைப் பார்த்து ரபி யோசுவா, நம் பாவங்களுக்கு நிவர்த்தி நடந்த இடம் பாழாய்ப் போயிற்றே என்று புலம்புகிறார். அவருடைய குரு யோகனான் பென் சக்காய் அவரைத் தேற்றுகிறார்: மகனே, கலங்காதே, அதற்கு ஈடான வேறொரு நிவர்த்தி நமக்கு இருக்கிறது, அன்பின் செயல்கள்தான் அவை. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியா 6:6-ஐ அவர் சான்று காட்டுகிறார். இது நெருக்கடியில் பிறந்த ஆறுதல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். ஆலயம் சிறப்போடு நின்ற காலத்திலேயே, சுமார் 250 வருஷம் முன்னால், எரிகிற நெருப்பைத் தண்ணீர் அணைப்பதுபோலத் தருமம் பாவத்தை நிவர்த்திசெய்யும் என்று பென் சீரா எழுதியிருந்தார். தகப்பனைக் கனப்படுத்துவதும் பாவநிவர்த்தி என்றார். தருமத்தை வைத்தே ஒருவன் மன்னிப்பை விலைக்கு வாங்கப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் அவர் எதிர்பார்த்திருக்கிறார். என் காணிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார் என்று சொல்லாதே. அவருடைய இரக்கம் பெரியது, என் பாவத்திரளை மன்னிப்பார் என்று சொல்லி நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே என்கிறார்.

அந்தக் குரல் அப்படியே மிஷ்னாவுக்குள் சட்டமாக வந்துவிட்டது. பாவம் செய்கிறேன், பாவநிவாரண நாள் நிவர்த்தியாக்கும் என்று சொல்பவனுக்கு அந்த நாள் நிவர்த்தியாக்காது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களுக்கு அந்த நாள் நிவர்த்தி. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதற்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை இல்லை. இன்னொரு பகுதி, காயப்படுத்தியவன் ஈட்டுப் பணம் கட்டினாலும் நேரில் கேட்கும்வரை மன்னிப்பு இல்லை என்கிறது. அதே மூச்சில், கேட்டு வந்தவனிடம் கல்நெஞ்சாக இருக்காதே என்று காயப்பட்டவனுக்கும் சொல்கிறது. யூதர்கள் யோம் கிப்பூர் எனப்படும் அந்தப் பாவநிவாரண நாளுக்கு முந்தின நாட்களில் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது இன்றும் தொடர்கிற வழக்கம்.

மழை பொய்த்த காலத்து நோன்பையும் மிஷ்னா விவரிக்கிறது. வேதச் சுருள்கள் இருக்கும் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் சாம்பல் போடுவார்கள். சமூகத் தலைவர் தலையிலும் நீதிமன்றத் தலைவர் தலையிலும் சாம்பல். பெரியவர் ஒருவர் எழுந்து பேசுவார்: சகோதரரே, நினிவே மக்களைப் பற்றி அவர்களுடைய சாக்குத்துணியையும் நோன்பையும் கடவுள் கண்டார் என்று எழுதியில்லை. அவர்கள் தங்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பின செயல்களைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. சாம்பலும் உண்டு, சாம்பலைப் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. இரண்டும் ஒரே சதுக்கத்தில், ஒரே ஆராதனையில்.

வாசிக்க ஆரம்பிப்பதானால் சீராக் 34-இன் பிற்பகுதியிலிருந்து 35 முடியும்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இந்த நூல் இருக்காது, 1995-இல் வந்த திருவிவிலியத்தில் இணைத் திருமுறை நூல்களுக்குள் தேடுங்கள். வசன எண்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். அப்புறம் லேவியராகமம் 6-இன் முதல் ஏழு வசனங்கள், 32-ஆம் சங்கீதம். முடிவில் யோபு 22-ஐயும் 42-ஐயும் அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் எலிப்பாஸை மட்டும் கவனித்து வாசியுங்கள்.